ஓதம் எங்கிருந்து வருகிறது?

வீடு வாங்கப் போகிறவர்கள் பத்திரம் பார்ப்பார்கள், பட்டா பார்ப்பார்கள், வில்லங்கம் போட்டுப் பார்ப்பார்கள். கோடையிலும் கிணற்றில் தண்ணீர் நிற்குமா, வண்டி வாசல்வரை வருமா என்று விசாரிப்பார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்குச் சமமாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த வீட்டில் ஓதம் இருக்கிறதா, இருந்தால் அது எங்கிருந்து வருகிறது? முதல் பாதியைச் சிலராவது கேட்கிறார்கள். இரண்டாம் பாதியைக் கேட்பவர்கள் குறைவு. வாங்கிய பிறகு காசு கரைவதெல்லாம் அந்த இரண்டாம் பாதியில்தான்.

ஓதம் என்பது சுவரிலோ தரையிலோ மேல்தளத்திலோ இருக்கக் கூடாத ஈரம் இருப்பது. பெயின்ட் கொப்புளிப்பது, பூச்சு உதிர்வது, பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை பிடிப்பது, கதவு நிலையின் அடிப்பகுதி இற்றுப்போவது எல்லாம் அந்த ஈரம் செய்யும் வேலைகள். ஈரம் உள்ளே வர ஐந்து வழிகள் இருக்கின்றன. மண்ணிலிருந்து ஏறலாம். சாய்ந்து அடிக்கும் மழையோடு பக்கவாட்டில் நுழையலாம். மொட்டைமாடியிலிருந்து இறங்கலாம். சுவருக்குள் ஓடும் குழாயிலிருந்து கசியலாம். காற்றிலிருந்தே படியலாம். ஐந்துக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு வேறு. "ஒரு கோட்டு வாட்டர்ப்ரூஃப் அடிச்சா நிக்கும் அண்ணே" என்று பெயின்டர் சொல்லும்போது அவர் பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம். நிற்கும், அடுத்த மழை வரை.

சுவர் ஏன் தண்ணீர் குடிக்கிறது

செங்கல், வெட்டுக்கல், சிமென்ட் பூச்சு எல்லாம் பார்வைக்குத்தான் கெட்டி. உள்ளே முழுக்க நுண்துளைகள். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல அந்தத் துளைகள் தண்ணீரை மேலே இழுக்கும். துளை எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு உயரத்துக்கு ஏறும். ஏறுகிற தண்ணீர் சுவரின் இரண்டு முகப்பிலும் ஆவியாகிக்கொண்டும் இருக்கும். ஏறுவதும் காய்வதும் சரிக்குச் சரியாகும் இடத்தில் ஈரம் நின்றுவிடும். மண்ணிலிருந்து வரும் ஓதம் பெரும்பாலும் மூன்றடிக்குள் நிற்பதற்குக் காரணம் இதுதான். ஆறடி உயரத்தில் ஈரம் தெரிந்தால் மண்ணைக் குறை சொல்லாதீர்கள், மேலே பாருங்கள்.

தண்ணீர் தனியாக ஏறுவதில்லை. மண்ணில் இருக்கும் உப்பு, செங்கல்லில் இருக்கும் உப்பு, கட்டும்போது கலந்த தண்ணீரின் உப்பு எல்லாம் கரைந்து கூடவே வரும். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே தங்கும். கொப்புளித்த இடத்தை நகத்தால் கீறிப் பாருங்கள். மேலே இருக்கும் பட்டி ஈரப் பொடியாக உதிரும். அதற்கு அடியில் வெள்ளை இழைகள் மயிர் மயிராக நிற்கும். அதுதான் உப்புப் படிகம். பூச்சுக்கு உள்ளே அது வளரும்போது பூச்சையே வெளியே தள்ளிவிடும். துணியால் துடைத்தால் போகும், கொஞ்ச நாளில் மறுபடி பூக்கும்.

இந்த உப்புக்கு இன்னொரு குணமும் உண்டு. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி நீர்த்துப்போவதை எல்லோரும் பார்த்திருப்போம். அதே உப்பு சுவரில் இருந்தாலும் அதே கதைதான். குளச்சல், முட்டம், மணக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில், உப்பேறிய சுவர் ஒரு சொட்டு மழை இல்லாத நாளிலும் மந்தாரம் போட்டால் கறுத்து ஈரமாகத் தெரிவது இதனால்தான். ஈரம் வந்த வழியை அடைத்த பிறகும் பழைய பூச்சை அப்படியே விட்டால் ஓதம் போனதுபோலவே இருக்காது. உப்பேறிய பூச்சைக் கொத்தி எடுத்தே ஆக வேண்டும்.

காலண்டரை வைத்துக் கண்டுபிடிப்பது

வழி எது என்று கண்டுபிடிக்க முதலில் கருவி எதுவும் வேண்டாம். எந்த மாதத்தில், எந்தச் சுவரில், எந்த உயரத்தில் ஈரம் வருகிறது என்று எழுதி வைத்தால் பாதி வேலை முடிந்தது. இதில் நம்ம மாவட்டக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. தமிழ்நாட்டின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையை நம்பி இருக்க, இங்கே இரண்டு பருவமும் நன்றாகப் பெய்யும். ஜூனில் இடவப்பாதி தொடங்கினால் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. இரண்டும் வெவ்வேறு திசையிலிருந்து அடிக்கின்றன.

ஜூன், ஜூலையில் மேற்குச் சுவர் நனைந்து, நவம்பரில் கிழக்கு அல்லது வடக்குச் சுவர் நனைந்தால், அது பக்கவாட்டில் நுழையும் மழை. பூச்சில் விரிசலைத் தேடுங்கள். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியையும், சன்ஷேடு சுவரோடு சேரும் இடத்தையும் பாருங்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் இது கொஞ்சம் மாறும். தென்மேற்குக் காலத்தில் அங்கே காற்று பேயாட்டம் ஆடும், மழை குறைவு. அந்தப் பக்கத்து வீட்டுக்கு நவம்பர்தான் பரீட்சை.

திசை பார்க்காமல் எல்லாச் சுவரின் அடியிலும் ஈரம் வந்து, அதுவும் இரண்டாம் மழை முடிகிற நேரத்தில் உச்சத்துக்குப் போனால், நிலத்தடி நீர் ஏறியிருக்கிறது. மண்ணிலிருந்து வரும் ஓதம் இது. இதை உறுதி செய்ய ஒரு எளிய வழி உண்டு. இரண்டு அறைகளுக்கு நடுவில் இருக்கும் சுவரைப் பாருங்கள். மழை அதைத் தொடவே முடியாது. அதன் அடியும் ஈரமாக இருந்தால் மண் அல்லது குழாய், இரண்டில் ஒன்று.

சானல் (பாசனக் கால்வாய்) கரையில் வீடு இருப்பவர்கள் இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைத் தண்ணீரை வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் கன்னிப்பூ என்ற முதல்போக நெல் சாகுபடிக்குத் திறப்பார்கள். இரண்டாம் போகமான கும்பப்பூவும் விளைந்து பிப்ரவரி கடைசி வரை தண்ணீர் ஓடும். அந்த மாதங்கள் முழுக்கக் கரையோர மண் ஊறியே இருக்கும். மழை நின்று வெயில் அடிக்கும் ஜனவரியிலும் சுவரடி காயவில்லை, மார்ச்சில் சானல் வற்றியதும் காய்கிறது என்றால் காரணம் கூரையில் இல்லை.

மார்ச், ஏப்ரல் வெயிலிலும் ஒரே இடத்தில் ஒரே அளவுக்கு ஈரம் நிற்கிறதா? அது மழையே கிடையாது. குழாய்.

மண்ணிலிருந்து ஏறுவது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகப் பணம் வீணாவது இங்கேதான்.

புது வீடு கட்டும்போது கருங்கல் அஸ்திவாரத்தின் மேல் பெல்ட் என்ற கான்கிரீட் பட்டை வார்ப்பார்கள். பெல்ட் பாரத்தைச் சமமாகப் பரப்பும். அதன் மேல், சுவர் தொடங்கும் முன்பு, டிபிசி என்று ஒரு தடுப்பு அடுக்கு போட வேண்டும். தண்ணீர் புகாத கலவை சேர்த்த கெட்டியான சிமென்ட் அல்லது கான்கிரீட் அடுக்கு, சில இடங்களில் மேலே தார்ப் பூச்சு. மண்ணிலிருந்து ஏறி வரும் ஈரம் இந்த அடுக்கில் முட்டி நின்றுவிடும். "பெல்ட் போட்டாச்சே, அது போதும்" என்று இதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கெட்டியான பெல்ட் ஓரளவு தடுக்கும்தான். சரியாக வார்க்காத பெல்ட் தடுக்காது. வீடு கட்டும் செலவில் இந்த அடுக்குக்கு ஆகும் தொகை ஒரு பொருட்டே இல்லை. கட்டி முடித்த பிறகு இதையே போட வேண்டுமென்றால் பெரும்பாடு.

விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பழைய வெட்டுக்கல் வீடுகளில் இந்த அடுக்கே இருக்காது. அந்த வீடுகள் இத்தனை வருடம் நின்றது வேறு ஏற்பாட்டால். உயரமான தரை, வெளியே நீண்ட இறவாரம், மேலே சுண்ணாம்புப் பூச்சு. சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே அடைக்காது, வெளியே போக விடும். சுவர் நனையும், காயும், மறுபடி நனையும். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் அந்தச் சரிந்த ஓட்டுக் கூரைகள் சுவரைத் தாண்டி எவ்வளவு தூரம் நீண்டிருக்கின்றன என்று நின்று பாருங்கள். மழை சுவரைத் தொடுவதற்கு முன்பே அதைத் தள்ளிக் கொட்டுகிற வேலை அது.

அப்படிப்பட்ட பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போதுதான் கெடுக்கிறோம். சுண்ணாம்புப் பூச்சை எடுத்துவிட்டுச் சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, பிளாஸ்டிக் எமல்ஷன் அடிக்கிறோம். சுவருக்கு இருந்த காயும் வழி அடைபடுகிறது. ஏறுகிற தண்ணீர் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. ஆவியாக இடம் கிடைக்காததால் இன்னும் மேலே போகிறது. மூன்றடியில் நின்ற ஓதம் நாலரை அடிக்கு வந்துவிட்டது என்று அப்புறம் ஆச்சரியப்படுகிறோம். ஹாலில் ஓதம் வந்த சுவருக்கு நாலடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டுவதும் இதே ரகம்தான். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். டைல்ஸுக்கு மேல் விளிம்பில் ஒரு வருடத்தில் ஈரக்கோடு தெரியும். எனக்குக் கேட்டால், ஓதத்துக்கு டைல்ஸ் ஒட்டச் சொல்லும் யோசனையை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

சரி, டிபிசி இருக்கிற வீட்டிலும் ஓதம் ஏறுகிறதே, ஏன்? பல நேரம் அடுக்கு நன்றாகவே இருக்கும். நாம் அதைச் சுற்றிப் பாலம் கட்டிக் கொடுத்திருப்போம். வீட்டுத் தரை சுற்றியுள்ள மண்ணைவிடக் குறைந்தது 45 சென்டிமீட்டர், அதாவது ஒன்றரை அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. கட்டிய நாளில் அப்படித்தான் இருந்திருக்கும். பிறகு ரோட்டின் மேல் ரோடு போட்டு ரோடு உயரும். மழைத்தண்ணீர் உள்ளே வருகிறதே என்று முற்றத்தில் மண் அடிப்போம். அதன் மேல் இன்டர்லாக் கல் பதிப்போம். சுவரோரமாகப் பூச்செடிக்குப் பாத்தி கட்டித் தினமும் தண்ணீர் விடுவோம். இப்போது வெளி மண் டிபிசிக்கு மேலே. ஈரம் அடுக்கைச் சீந்தாமல் நேராகச் சுவருக்குள் போகும். வெளிப்பூச்சை மண் வரைக்கும் ஒரே இழுப்பாகப் பூசியிருந்தாலும் இதே விளைவுதான். அடுக்கு உள்ளே முட்டி நிற்கும், பூச்சு வழியாக ஈரம் மேலே ஏறும்.

ஆகவே ஊசி போடுவது, கெமிக்கல் அடிப்பது என்று போவதற்கு முன்னால் ஒரு மண்வெட்டி எடுங்கள். வீட்டைச் சுற்றி மண்ணை பெல்ட்டுக்கு அரையடி கீழே இறக்குங்கள். செடியை இரண்டடி தள்ளி வையுங்கள். சுவரோர மழைநீர் தேங்காமல் ஓட ஒரு சரிவு கொடுங்கள். மண்ணைத் தொடும் வெளிப்பூச்சை அந்த அடுக்குக்குக் கீழே வெட்டிவிடுங்கள். நிறைய வீட்டுக்கு இதோடு வேலை முடிந்துவிடும்.

முடியாத வீடுகளும் உண்டு. முக்கியமாக, ஏலாவை, அதாவது வயல்வெளியை, மண் போட்டு நிரத்தி மனை போட்ட இடங்கள். மேலே இரண்டு மூன்றடி செம்மண், அடியில் பழைய வயலின் களிமண். தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் நடுவில் நிற்கும். 2021 நவம்பர் வெள்ளத்தில் இப்படிப்பட்ட பகுதிகள் பட்ட பாடு ஊருக்கே தெரியும். அங்கே டிபிசி இல்லாமல் கட்டிவிட்டால், சுவரில் வரிசையாகத் துளை போட்டு, சிலேன் என்ற வேதிப்பொருள் கலந்த க்ரீமைச் செலுத்தி, செயற்கையாக ஒரு தடுப்பு உண்டாக்கும் முறை இருக்கிறது. துளைகள் சுமார் 10 முதல் 12 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்க வேண்டும். அந்தக் க்ரீம் துளையைச் சுற்றிப் பரவி நுண்துளைகளின் உறிஞ்சும் குணத்தை எடுத்துவிடும். ஒழுங்காகச் செய்தால் பலன் உண்டு. ஆனால் மேலே சொன்ன மண்வெட்டி வேலையைச் செய்யாமல் இதைச் செய்தால் துளைக்கு மேலே மண் இருக்கும், காசுதான் போகும்.

மலையோரப் பகுதிகளில் இன்னொரு சிக்கல். சரிவை வெட்டிச் சமமாக்கி வீடு கட்டும்போது பின்சுவர் வெட்டிய மண்ணோடு ஒட்டி நிற்கும். மழை பெய்தால் மேலே ரப்பர் விளையில் விழுந்த தண்ணீரெல்லாம் மண்ணுக்குள் இறங்கி அந்தச் சுவரில் வந்து முட்டும். பின்பக்கம் ஓர் ஆள் நடக்கிற அளவுக்கு இடைவெளியும், அதில் தண்ணீரை விலக்கிக் கொண்டுபோகும் ஓடையும் இல்லாத வீட்டில் உள்ளே எதைப் பூசினாலும் நிற்காது.

மேலிருந்து இறங்குவது

கான்கிரீட் தளம் தானாகத் தண்ணீர் விடாது என்று பலர் நினைக்கிறார்கள். வெயிலில் விரிந்து, மழையில் சுருங்கி, வருடத்துக்கு வருடம் மெல்லிய விரிசல்கள் விடும். அதன் மேல் தண்ணீர் தேங்கினால் இறங்கத்தான் செய்யும். அதனால் மொட்டைமாடியில் முதலில் பார்க்க வேண்டியது சரிவு. பத்தடிக்கு ஓர் அங்குலத்துக்குக் குறையாத சரிவு வடிகுழாயை நோக்கி இருக்க வேண்டும். மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்து மேலே ஏறுங்கள். எங்கே தண்ணீர் குளம் கட்டி நிற்கிறதோ அங்கேதான் கோளாறு.

அடுத்து மூலைகள். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் கோணம், வடிகுழாயின் வாய், தண்ணீர்த் தொட்டியின் கால், டிஷ் ஆன்டெனாவுக்குப் போட்ட போல்ட். ஒழுகல் பெரும்பாலும் இந்த நாலில் ஒன்றிலிருந்துதான் தொடங்கும். கைப்பிடிச் சுவர் இடுக்கில் முளைத்த அரசங்கன்றையும் விடாதீர்கள். மேலே இரண்டு இலைதான் இருக்கும், வேர் விரிசலுக்குள் ஒரு முழம் போயிருக்கும். வெறுமனே ஒடித்தால் திரும்பத் தளிர்க்கும். வேரோடு எடுத்து, இடுக்கைக் கொத்தி, அடைக்க வேண்டும்.

ஒழுகும் இடமும் சொட்டும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தளத்துக்குள் புதைந்திருக்கும் வயரிங் பைப் வழியாகத் தண்ணீர் ஓடி, நாலு மீட்டர் தள்ளி ஃபேன் கொக்கியில் சொட்டும். அப்படிச் சொட்டினால் முதலில் அந்த அறைக்கான மின்சாரத்தை நிறுத்துங்கள், பிறகு காரணம் தேடலாம். தேடுவதற்கு நல்ல வழி, வெயில் நாளில் தளத்தைப் பகுதி பகுதியாகச் சிறு வரப்பு கட்டி, ஓர் அங்குலத் தண்ணீரை 24 மணி நேரம் நிறுத்திப் பார்ப்பது. எந்தப் பகுதியில் நிறுத்தும்போது கீழே ஈரம் தெரிகிறதோ அங்கே மட்டும் வேலை செய்தால் போதும். தளம் முழுக்கக் கெமிக்கல் பூச ஆகும் செலவு மிச்சம்.

தளத்துக்கு மேல் இரும்பு டிரஸ் வைத்து ஷீட் போடுவது இப்போது இங்கே தெருவுக்குத் தெரு நடக்கிறது. குறை சொல்ல மாட்டேன். இரண்டு பருவமழையும் இவ்வளவு வெயிலும் உள்ள ஊரில் அது தளத்துக்குக் குடை. துணி காயப்போடவும் இடம் கிடைக்கிறது. ஆனால் ஷீட்டில் விழும் தண்ணீர் முழுவதும் விளிம்பில் ஒரே கோட்டில் கொட்டும். அதற்கு விளிம்பில் தண்ணீரை ஏந்தும் பாத்தி வைத்து, குழாயில் இறக்கி, சுவரைவிட்டுத் தள்ளி விடாவிட்டால், மேலே தடுத்த மழை கீழே தெறித்துச் சுவரின் அடியை ஊற வைக்கும். மாடி ஓதம் போய்த் தரையோதம் வந்த வீடுகள் இப்படித்தான் உண்டாகின்றன. டிரஸ் கால்களைத் தளத்தில் துளைத்து போல்ட் போடாமல் சின்னக் கான்கிரீட் பீடம் கட்டி அதில் நிறுத்தச் சொல்லுங்கள். பீடம் தளத்தின் கம்பியோடு பிணைந்திருக்கவும் வேண்டும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் வந்தபோது காற்றின் பலத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

குழாயும் காற்றும்

குழாய்க் கசிவைக் கண்டுபிடிக்கச் சுவரை உடைக்க வேண்டாம். இரவில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, மேல்தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வைத்து, மோட்டார் போடாமல் காலையில் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் கசிகிறது. இறங்கவில்லை, ஆனாலும் குளியலறைக்கு அடுத்த சுவர் ஈரம் என்றால், கழிவுநீர்ப் பக்கம் பார்க்க வேண்டும். குளியலறைத் தளம் பள்ளமாக வார்க்கப்பட்டு, அதில் குழாய் போட்டு நிரப்பி மேலே டைல்ஸ் பதித்திருப்பார்கள். டைல்ஸ் இடுக்கு வழியாக இறங்கும் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் தேங்கி, சுவர் வழியாக மெல்ல வெளியேறும். டைல்ஸ் இடுக்கை மறுபடி அடைத்தாலே சில நேரம் நின்றுவிடும்.

காற்றிலிருந்து படியும் ஈரம் நம்ம ஊரில் சிறிய விஷயம். ஜூன் மழையில் ஜன்னலை மூடி வைத்த அறையில் தரை வியர்ப்பதும், சுவரோடு ஒட்டிய பீரோவின் பின்பக்கம் பூஞ்சை வருவதும்தான் அது. சந்தேகம் இருந்தால் சுவரில் ஒரு முழம் அலுமினியத் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் வெளிப்புறத்தில் துளிகள் இருந்தால் காற்று ஈரம். ஜன்னலைத் திறங்கள், பீரோவை நாலு விரல் தள்ளி வையுங்கள், போதும். உட்புறத்தில் துளிகள் என்றால் ஈரம் சுவருக்குள்ளேயே இருக்கிறது.

கம்பி துருவேறும் கதை

ஓதத்தில் பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி. நல்ல கான்கிரீட் காரத்தன்மை உள்ளது, அது கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கித் துருவேறாமல் காக்கும். காற்றிலிருக்கும் கரியமில வாயு வருடக்கணக்கில் உள்ளே போய் அந்தக் காரத்தைக் குறைக்கும். உப்பு அந்தப் படலத்தையே உடைக்கும். பிறகு ஈரம் கிடைத்தால் துரு. துரு, அது உண்டான இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் வெடித்து, கம்பி போகும் பாதையிலேயே நேர்க்கோட்டு விரிசல் விடும். அப்புறம் துண்டு துண்டாகப் பெயர்ந்து விழும்.

கடலோரத்தில் இது விரைவாக நடக்கும். அதனால்தான் கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரவிதி, கடற்கரைச் சூழலில் கம்பிக்கு வெளியே குறைந்தது 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது. உள்நாட்டில், மழை படாத இடத்துக்கு 20 போதும். கலவைக்கு ஊற்றும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. கடலோரத்தில் உவர்க்கிணற்று நீரைக் கலவைக்கு எடுப்பதும், கழுவாத கடல்மணலைக் கலப்பதும் கம்பிக்கு நாமே வைக்கும் உலை.

முதலில் துருவேறுவது பெரும்பாலும் சன்ஷேடு. மெல்லியது, மேலேயும் கீழேயும் நனைவது. அதன் அடிவிளிம்பில் ஒரு விரல் அகலத்துக்குப் பள்ளக்கோடு விட்டிருந்தால் தண்ணீர் அந்தக் கோட்டில் சொட்டிவிடும். இல்லாவிட்டால் அடிப்பக்கமாக ஓடிச் சுவர்வரை வரும். பெயர்ந்த இடத்தில் வெறும் சிமென்ட் வைத்து மூடுவது உள்ளே துருவை வைத்துப் பூட்டுவது. தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தி எடுத்து, துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். விரிசல் பீமிலோ தூணிலோ இருந்தால் கொத்தனாரோடு நிறுத்தாமல் கட்டமைப்புப் பொறியாளரை வரவழைத்துக் காட்டுங்கள். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

வாங்கும் முன்னும் வேலை தொடங்கும் முன்னும்

விற்பனைக்கு இருக்கும் வீட்டை முடிந்தால் நவம்பரில் போய்ப் பாருங்கள். கிணற்றை எட்டிப் பாருங்கள். தரையிலிருந்து மூன்று நாலடியில் தண்ணீர் நின்றால் அஸ்திவாரமும் ஊறித்தான் இருக்கும், டிபிசி பற்றித் துருவிக் கேளுங்கள். வீடு முழுக்கப் பழைய பெயின்டாக இருந்து, கீழே மூன்றடி மட்டும் புதிதாக இருந்தால் காரணம் கேளுங்கள். விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே நடங்கள். பொக்கையாகச் சத்தம் வரும் இடத்தில் பூச்சு சுவரைவிட்டு விலகியிருக்கிறது. நிலைக்காலின் அடியைச் சாவியால் குத்திப் பாருங்கள், உள்ளே இறங்கினால் இற்றிருக்கிறது. தாழ்வாக இருக்கும் பிளக் பெட்டியின் ஸ்க்ரூ துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் புதுப் பெயின்ட் அடிக்க யாருக்கும் தோன்றாது. ஓதம் இருக்கும் வீட்டை வாங்கவே கூடாது என்றில்லை. எந்த வழி என்று தெரிந்தால் செலவு தெரியும், செலவு தெரிந்தால் விலை பேசலாம்.

வேலை செய்யும் காலம்தான் கடைசிச் சிக்கல். இங்கே பெயின்ட் வேலை சூடுபிடிப்பது கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில். இரண்டு மழையையும் குடித்து முடித்த சுவர் வருடத்திலேயே அதிக ஈரமாக இருக்கும் நேரம் அது. அப்போது பட்டி பார்த்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூசுகிறோம். கொண்டாட்டத்துக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது நியாயம்தான், ஆனால் ஓதச் சுவரை மட்டுமாவது விட்டுவையுங்கள்.

பிப்ரவரியில் ஆரம்பித்தால் மே மாதத்துக்குள் முக்கியமான வேலையை முடிக்கலாம். முதலில் ஈரம் வரும் வழியை அடையுங்கள். அப்புறம் ஈரக்கோட்டுக்கு மேலே ஒன்றரை அடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுங்கள். பிறகு சுவரைச் சும்மா விடுங்கள். சுவர் காய அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று கட்டட வேலையில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. ஒன்பது அங்குலச் சுவருக்கு அதை அப்படியே போட்டால் அடுத்த மழை வந்துவிடும். வெயிலும் காற்றும் படும் சுவர் அதைவிடச் சீக்கிரம் காயலாம். எப்படியானாலும் இரண்டு மூன்று மாதம் செங்கல் தெரியவே இருக்கட்டும், விருந்தாளிகள் என்ன நினைத்தாலும் சரி. ஜூன் நெருங்கியும் அலுமினியத் தாளின் உட்புறம் நனைகிறது என்றால் சுண்ணாம்புக் கலவையால் பூசி, எமல்ஷனை அடுத்த கோடைக்குத் தள்ளிவையுங்கள். அதுவரை வெள்ளையடித்தால் போதும். கொஞ்சம் நீலம் கலந்தால் பார்க்கவும் நன்றாக இருக்கும்.